அச்சு நட்டின் மேல் ஒரு சிவப்புக் கோடு

என் மாமாவுக்கு நகப்பூச்சு வாங்கிக் கொடுப்பது அத்தையின் பொறுப்பு. சிவப்புதான் வேண்டும், அதுவும் மினுக்கம் இல்லாத சிவப்பு. பாட்டிலை எடுத்துத் தரும்போதெல்லாம் ஃபேன்சி கடைப் பெண் அத்தையின் விரல்களை ஒரு பார்வை பார்ப்பாள். துணி துவைத்தே நகம் தேய்ந்துபோன கை அது. இவ்வளவும் யாருக்கு என்று ஒருநாள் கேட்டே விட்டாளாம். வீட்டுக்காரருக்கு என்று அத்தை உள்ளதைச் சொல்லிவிட்டு வந்தாள். அன்று முதல் அந்தப் பெண் மாமாவைத் தெருவில் கண்டால் வாயைப் பொத்திக்கொண்டுதான் போவாள்.

மாமா மோட்டார் சைக்கிளுக்கு வீல் கழற்றி மாட்டுகிறவர். டயர் மாற்றுவது, ரிம் நிமிர்த்துவது, பேரிங் போடுவது எல்லாம் அதில் அடக்கம். என் அப்பாவின் தங்கையைக் கட்டியவர். சின்ன வயதில் லாரி டயர் பட்டறையில் சம்மட்டி அடித்துக்கொண்டிருந்தாராம். தோளும் முன்கையும் அங்கே வாங்கியவை. கல்லூரிக்காக நான் கிராமத்திலிருந்து வந்தபோது அவர்கள் வீட்டுப் பின்னறையில்தான் எனக்கு இடம் கிடைத்தது. படித்து முடித்த கையோடு மாமா தன் முதலாளியிடம் போய், எங்கள் வீட்டில் ஒரு பட்டதாரி இருக்கிறான், பில் எழுத ஆள் தேடுகிறீர்களே என்று சொல்லிவிட்டார். பட்டம் வாங்கியவன் டயர் கடையிலா என்று ஊரில் கேட்டவர்கள் உண்டு. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. கைநாட்டு வைத்தவர்களின் வீட்டிலிருந்து வந்து, ஒவ்வொரு பில்லின் அடியிலும் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போடுகிற ஆள் நான். என் பட்டமளிப்புப் படத்தை மாமா கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறார். வருகிறவர்கள் கேட்காவிட்டாலும் அவரே காட்டுவார்.

கடை வாசலில் ஒரு பலகை உண்டு. முன் வீல் அரை மணி, பின் வீல் ஒரு மணி என்று நேரமும், அதற்கு நேரே கூலியும் எழுதியிருக்கும். வண்டியைக் கொடுத்துவிட்டு நிற்கிறவர்கள் பலகையையும் கைபேசியையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். ஒரு டயரை மாற்ற ஒரு மணி நேரமா என்பதுதான் நான் அதிகம் பதில் சொன்ன கேள்வி. முன் வீலில் அச்சை உருவினால் சக்கரம் கையோடு வந்துவிடும். பின் வீலுக்குச் செயின் இருக்கிறது, பிரேக் ட்ரம் இருக்கிறது, அச்சின் இரண்டு பக்கமும் உட்காரும் புஷ் வளையங்கள் இருக்கின்றன. அவை இடம் வலம் மாறினால் சக்கரம் ஒரு பக்கம் உரசும். பழைய டயர் ரிம்மோடு ஒட்டிக் கிடக்கும். அதை மிதித்துப் பிரித்து, லீவர் கொடுத்து நெம்பி எடுத்து, சோப்புத் தண்ணீர் தடவிப் புதியதை ஏற்றி, டயரின் பக்கத்தில் இருக்கும் அம்புக்குறி வண்டி ஓடுகிற திசையைப் பார்க்கிறதா என்று கவனித்துக் காற்றடிக்க வேண்டும். டப்பென்று ஒரு சத்தத்தோடு அது உட்காரும். அப்புறம் செயினை நேர் பார்த்து அச்சு நட்டை முறுக்கினால் வேலை முடிந்தது.

மாமாவுக்கு அங்கே முடியாது. நட்டை முறுக்கிய பின் அவரே வண்டியில் ஏறிக் கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றுவார். தபால் நிலையத்துக்கு முன்னால் சாலையில் ஒரு பள்ளம் இருக்கிறது. எல்லோரும் ஒதுங்கிப் போகிற அந்தப் பள்ளத்தில் வேண்டுமென்றே இறக்குவார். திரும்பி வந்து மறுபடியும் ஸ்பேனரை வைத்து ஒரு முறுக்கு. புதுச் சக்கரம் முதல் ஓட்டத்தில்தான் இடம் பார்த்து உட்காரும், அதற்குப் பிறகு முறுக்குவதுதான் முறுக்கு என்பார். அதன் பின்தான் நகப்பூச்சு. நட்டின் தலையில் தொடங்கி, அது அழுந்தியிருக்கும், சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை வரைக்கும் குறுக்கே ஒரே இழுப்பு. நட்டு கடுகளவு அசைந்தாலும் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக் கொடுத்துவிடும். கோடு விழுந்த பிறகுதான் நான் பில் போடுவேன்.

இதனால் கடையில் அவருக்குச் செவப்புக்கோடு என்று பெயர். வைத்தவன் பஞ்சர் ஒட்டுகிறவன். அவன் பெயரும் பஞ்சர்தான், மாமா வைத்தது. இருவருக்கும் நாள் முழுக்க வாய்ச்சண்டை நடக்கும். நட்டை இவ்வளவுதான் முறுக்க வேண்டும் என்று அளவு வைத்து, அந்த அளவு வந்ததும் டிக்கென்று சத்தம் போடுகிற ஸ்பேனர் ஒன்றை முதலாளி வாங்கி வந்தார். மாமா அதைக் கையில் வாங்கி ஆட்டிப் பார்த்துவிட்டுப் பெட்டியிலேயே திரும்ப வைத்தார். தோள் சொல்லாததையா இந்தக் கம்பி சொல்லப் போகிறது என்றார். பெட்டி அலமாரிக்கு மேலே ஏறியது.

பிறகு ஒரு மாற்றம் வந்தது. மாமா வேகமாகிவிட்டார். பின் வீலுக்கு ஒரு மணி எடுத்தவர் முக்கால் மணியில் முடித்தார். கடையில் எனக்கு மட்டும்தான் மாதச் சம்பளம். மாமாவுக்கும் பஞ்சருக்கும் வீலுக்கு இவ்வளவு என்று கூலி. வீல் கூடினால் கூலி கூடும். முதலாளிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பலகையில் ஒரு மணியை அழித்து முக்கால் மணி என்று எழுதச் சொன்னார், எழுதினேன். கிழட்டு எருமைக்கு இளமை திரும்புது என்று பஞ்சர் கேலி செய்தான். மாமா சிரித்தார். சட்டைப் பொத்தானை அத்தை தினமும் போட்டு விடுவதைக் காலையில் பின்னறையிலிருந்து பார்ப்பேன். இந்த வயதில் இப்படி ஒரு செல்லமா என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அது செல்லம் இல்லை. மாமாவின் வலது கையில் கட்டை விரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப் போக ஆரம்பித்திருந்தன. பொத்தான் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. டம்ளர் நழுவி விழுந்தது. ஆக்சிலேட்டரைத் திருகிப் பிடித்தால் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சுருக்கென்று இழுத்தது. அதனால்தான் அவர் வண்டியை ஓட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டார். சேமித்த கால் மணி அங்கேதான் இருந்தது. கோட்டைப் பார்த்து பில் போடுகிற நான் அதைக் கவனிக்கவே இல்லை. இதெல்லாம் அத்தைக்குத் தெரியும். யாரிடமும் சொல்லாதே என்று அவளிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லியிருந்தார். வீல் கழற்ற முடியாதவனுக்கு வீல் கடையில் என்ன வேலை? வாடகை வீடு, வேறு வருமானம் கிடையாது. அத்தை வாயை மூடிக்கொண்டு பொத்தானைப் போட்டு விட்டாள்.

ஒரு காலை நேரம் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் மகள், பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு பின்னால் நடந்து வந்தாள். சில நாளைக்கு முன் மாமா பின் டயர் மாற்றிக் கொடுத்த வண்டி. திருப்பத்தில் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது, பயந்து இறங்கிவிட்டேன் என்றார் நர்ஸ். முதலாளி நாற்காலியை விட்டு எழாமலே, புது டயர் போட்டால் செயின் கொஞ்சம் தளரும், இறுக்கிக் கொடுக்கச் சொல்கிறேன் என்றார். நர்ஸும் தலையாட்டினார். அவரும் செயின் என்றுதான் நினைத்திருந்தாராம்.

மாமா வண்டியின் பக்கத்தில் குந்தியிருந்தார். எழுந்திருக்கவில்லை. என்னவென்று நானும் போய்க் குனிந்தேன். சிவப்புக் கோட்டில் பாதி, இரும்புக் கையில் இருந்த இடத்திலேயே இருந்தது. நட்டின் மேல் இருந்த பாதி திரும்பித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாமா இரண்டு விரலால் நட்டைத் தொட்டுத் திருகினார். ஸ்பேனர் இல்லாமல், விரலுக்கே அது சுற்றியது.

அந்தக் கோட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே நாங்கள் இரண்டு பேர்தான். நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி ஃபோனில் இருந்தார். மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை.  பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"செயின் இல்லம்மா. அச்சு நட்டு. நான் சரியா முறுக்கல."

நர்ஸுக்குப் புரியவில்லை.

"நீங்கதானே மாட்டினீங்க? கோடு கூடப் போட்டீங்களே. இது இருக்கிற வரைக்கும் பயமில்லன்னு சொன்னீங்க."

"போட்டேம்மா. ஓட்டிப் பாக்காம போட்டேன்."

நர்ஸ் மகளைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார். "பாப்பா பின்னாடி உக்காந்திருந்தா" என்றார். திட்டவில்லை. அவ்வளவுதான் சொன்னார். மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

அலமாரி மேலிருந்து அந்தப் பெட்டியை மாமாவே இறக்கினார். பஞ்சரைக் கூப்பிட்டு நட்டை இறுக்கச் சொன்னார். டிக்கென்று கேட்ட பிறகு, பஞ்சரையே ஓட்டிப் பார்க்கச் சொல்லி, மறுபடி இறுக்க வைத்து, நர்ஸை அனுப்பினார். தூரிகையை அவர் எடுக்கவில்லை. வண்டி தெருமுனை திரும்பியதும் முதலாளியின் அறைக்குப் போய்த் தன் கையைப் பற்றிச் சொன்னார். நட்டு இறுகியதா, கை சோர்ந்துவிட்டதா என்று இப்போதெல்லாம் தனக்கே தெரிவதில்லை என்றார். கை போதும் என்றால் நட்டும் போதும் என்கிறது என்று நினைத்துக்கொண்டேன், இத்தனை நாள் கை பொய் சொன்னதில்லை என்றார்.

முதலாளி கெட்டவர் இல்லை.  கடையின் பெயர் போய்விட்டால் நால்வருக்கும் சோறு போய்விடும் என்றார். அதனால் ஒரு வழி சொன்னார். ஓட்டிப் பார்க்காமல் கொடுத்த வண்டிக்காரர்களை எல்லாம் ஃபோனில் கூப்பிட்டு, டயர் மாற்றியவர்களுக்கு இலவசப் பரிசோதனை என்று நான் சொல்ல வேண்டும். வருகிறவர்களுக்குப் பஞ்சர் இறுக்கிக் கொடுப்பான். யாருக்கும் எதுவும் தெரியாது.

மாமா மறுத்தார்.

"இலவசம்னு சொன்னா, ஞாயித்துக்கிழமை வரலாம்னு இருப்பாங்க முதலாளி. நட்டு ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்குமா?"

முதலாளி என்னைப் பார்த்தார். படித்தவன் நீ சொல், உள்ளதைச் சொன்னால் ஒருத்தன் திரும்பி வருவானா என்று கேட்டார்.  பில்லின் அடியில் இருப்பது என் கையெழுத்து. ஃபோனை எடுத்தேன்.

என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னேன். பின் சக்கரத்தின் நட்டு சரியாக இறுகவில்லை, தவறு எங்களுடையது, வண்டியை ஓட்டாதீர்கள், இருக்கிற இடத்தைச் சொன்னால் நாங்களே வருகிறோம். ஒருவர் என் பரம்பரையையே இழுத்தார். ஒரு பெரியவர் நல்லவேளை சொன்னீர்கள் என்றார். இன்னொருவர், மனைவி அன்றைக்கே இந்தக் கடை வேண்டாம் என்றாள், இப்போது இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று என்னிடமே யோசனை கேட்டார். வண்டிகள் வர வர, பஞ்சர் ஸ்பேனரை வைத்தான். மாமா பக்கத்தில் ஸ்டூல் போட்டு, தீர்ப்புக்குக் காத்திருக்கிறவரைப் போல உட்கார்ந்திருந்தார். பாதிக்கு மேல் இறுக்கமாகவே இருந்தன. அப்போதும் அவர் முகம் தெளியவில்லை. சிலவற்றில் டிக் சத்தம் வருவதற்கு முன் நட்டு கொஞ்சம் நகர்ந்தது. நகரும்போது மாமாவின் வலது கை தானாக மடங்கியது.

ஒருவர் மட்டும் ஃபோனை எடுக்கவே இல்லை. தினமும் வண்டியை ரயில் நிலையத்து ஸ்டாண்டில் விட்டுவிட்டு அடுத்த நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர் என்று மாமாவுக்கு நினைவிருந்தது. ரயில் வந்தால் ஏறி ஓட்டிக்கொண்டு போய்விடுவார், அதற்குள் போக வேண்டும் என்று எழுந்தார். கடையில் நிற்கிற வண்டிகளை ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்ததால் பஞ்சரால் நகர முடியவில்லை. டிக் ஸ்பேனர் இருந்தது ஒன்றுதான், நாங்கள் திரும்பும் வரை மற்ற நட்டுகள் காத்திருக்கட்டும் என்றார். அதைப் பையில் போட்டுக்கொண்டு என்னை வரச் சொன்னார். நான் அதுவரை ஸ்பேனர் பிடித்ததில்லை என்பது அவருக்குத் தெரியும்.

தகரக் கூரை போட்ட ஸ்டாண்டு. ஒரே கம்பெனி, ஒரே நிறம், வரிசை வரிசையாக வண்டிகள். காவல்காரர் மாமாவுக்குப் பழக்கம் என்பதால் உள்ளே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். வண்டி எண் சீட்டு என்னிடம் இருந்தது. நான் முன்பக்கத்தில் எண் பார்த்துக்கொண்டு போக, மாமா அதற்கெல்லாம் காத்திருக்காமல் வரிசையின் பின்பக்கமாகக் குனிந்து நடந்தார். அவர் தேடியது சிவப்பை. என்னைவிட முன்னால் கண்டுபிடித்து, "மாப்ளே, இங்க" என்றார்.

கோடு மயிரிழை அளவுக்குப் பிரிந்திருந்தது. தெரியாதவர் பார்த்தால் ஒரே கோடு என்பார்கள். மாமா இடது கையால் வண்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொள்ள, நான் முறுக்கினேன். நட்டு ஒரு கால் சுற்று போன பிறகுதான் டிக்கென்றது. அந்தச் சின்னச் சத்தத்துக்கு என் முதுகு வியர்த்துவிட்டது. மாமா பையிலிருந்து தின்னர் நனைத்த துணியை எடுத்து அந்தக் கோட்டைத் துடைக்க ஆரம்பித்தார். மரத்த விரல் என்பதால் துணி நழுவியது. இரண்டு கையாலும் பிடித்துத் துடைத்தார்.

அப்போதுதான் ரயில் வந்தது. வண்டிக்குச் சொந்தக்காரர் தூரத்திலேயே பார்த்துவிட்டார். அவர் போட்ட சத்தத்தில் ஸ்டாண்டு முழுக்கத் திரும்பியது. டயர் திருடனுங்க, பட்டப்பகல்லயே கழட்டுறானுங்க என்று யாரோ குரல் கொடுத்தார்கள். ஒருவர் என் சட்டைக் காலரைப் பிடித்தார். நான் பட்டதாரி என்று சொல்ல வாயெடுத்தேன், நல்லவேளை சொல்லவில்லை. மாமா நிதானமாக எழுந்து வண்டிக்காரரைப் பார்த்து நின்றார்.

"நான்தாங்க உங்க வண்டிக்குப் பின் டயர் மாத்தினவன். நட்டைச் சரியா முறுக்கல. கை மரத்துப் போச்சு, அதை மறைச்சு வேல செஞ்சேன். இப்ப முறுக்கியாச்சு."

 காலரைப் பிடித்தவர் விட்டார்.

"ஃபோன்ல சொல்லியிருக்கலாம்ல?"

"காலையிலேருந்து இந்தத் தம்பி அடிச்சுக்கிட்டேதாங்க இருந்தான்."

அவர் கைபேசியை எடுத்துப் பார்த்தார். "கடன்காரன்னு நெனச்சேன்" என்றார் மெதுவாக. கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சக்கரத்தையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இப்போது ஓட்டலாமா என்று கேட்டார்.

மாமா அந்தக் கேள்விக்கு எத்தனையோ பேரிடம் கோட்டைக் காட்டியவர். இன்று துடைத்த இடம்தான் இருந்தது. ஸ்பேனரை என் கையிலிருந்து வாங்கி அவரிடம் நீட்டினார். "நீங்களே வச்சுப் பாருங்க. போதும்னா அது சொல்லும்" என்றார். அலுவலகச் சட்டையோடு அந்த மனிதர் குந்தி உட்கார்ந்து, ஸ்பேனரை வைத்து அழுத்தினார். டிக் என்றது. இன்னொரு முறை அழுத்தினார். டிக். ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஏறிப் போய்விட்டார். அவர் எங்கள் கடைப் பக்கம் திரும்ப வரவே இல்லை. நர்ஸ் வந்தார், அது வேறு.

நாங்கள் கிளம்பினோம். நான் வாசலுக்கு வந்து பார்த்தால் மாமா இன்னும் உள்ளேயே இருந்தார். வரிசையின் பின்பக்கமாகக் குனிந்து ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அதெல்லாம் நாம் மாட்டியது இல்லை மாமா என்றேன். தெரியும் என்று சொல்லிவிட்டு, கடைசி வண்டி வரைக்கும் பார்த்துவிட்டே வந்தார்.

மணிக்கட்டில் நரம்பு அழுந்தியிருக்கிறது என்றார் டாக்டர். வருடக்கணக்காக லீவர் பிடித்த கைக்கு வருவதுதானாம். சின்னதாக அறுவை செய்து விட்டார்கள். வலி போனது, மரப்பு முழுதாகப் போகவில்லை, போகாது என்றும் சொல்லிவிட்டார்கள். மாமா இப்போது வீல் கழற்றுவதில்லை. பஞ்சர் கழற்றி மாட்டுகிறான். மாட்டியதும் அவனே ஓட்டிப் பார்க்கிறான். அப்புறம் மாமா வண்டிக்காரரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி, டிக் சத்தத்தைக் கேட்க வைத்து அனுப்புகிறார். அதற்குக் கூலியில் ஒரு பங்கு மட்டும் கிடைக்கிறது. முன்பு வந்ததில் பாதி தேறினால் பெரிது. மீதிக்கு அத்தை தையல் மெஷினை வாங்கிப் போட்டிருக்கிறாள். வாடிக்கைக்காரர்கள் கொஞ்ச நாள் குறைந்தார்கள். பலர் திரும்பினார்கள், சிலர் திரும்பவில்லை. பலகையில் முக்கால் மணியை அழித்து மறுபடி ஒரு மணி என்று எழுதினேன். முதலாளி சொல்லி எழுதவில்லை. எழுதிய பிறகு அழிக்கவும் சொல்லவில்லை.

நகப்பூச்சுப் பாட்டிலில் கால்வாசி மிச்சம் இருந்தது. ஒரு நாள் கடைக்கு விடுமுறை. அத்தை அதைத் தேடி எடுத்து வந்து, கூடத்தில் என் படத்துக்குக் கீழே மாமாவின் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தாள். இத்தனை வருடம் வாங்கிக் கொடுத்தேன், எனக்கு ஒரு நாள் போட்டு விட்டீர்களா என்றாள். மாமா மாட்டேன் என்றார். கை நிற்காது என்றார். அவள் காலை எடுக்கவில்லை. கடைசியில் தூரிகையை வாங்கி, இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு, கட்டை விரல் நகத்தில் வைத்தார். சிவப்பு நகத்தை விட்டுச் சதைக்கு வழிந்தது. அவர் துணியைத் தேடினார்.

"கோணலா இருந்தா என்ன? வண்டியா ஓடப் போகுது" என்றாள் அத்தை. "அடுத்த விரல் போடுங்க."